மொட்டைக்குக் கிளம்பிய தலையில் ஒரு பின்னல்

போன வருஷம், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த சமயம். கேளம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் லிஃப்ட் வாசலில் நடந்தது இது.

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சுருட்டை முடி. சீப்பே பயப்படும். வகுப்பில் 'ஸ்பிரிங் மண்டை' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இனி பள்ளிக்கே போக மாட்டேன் என்று ஒரே அழுகை. நான் சும்மா இருப்பேனா? மொட்டை அடித்தால் முடி நேராக வளரும் என்று தீர்ப்புச் சொல்லி, திருப்போரூர் முருகன் கோவிலுக்குக் கிளம்பிவிட்டேன். சொந்தத் தலையில் முடியே தங்காத ஒருவன் சொன்ன யோசனைக்கு வீட்டில் எப்படித்தான் தலையாட்டினார்களோ!

லிஃப்ட் வாசலில் எதிர்வீட்டுப் பெண் நின்றிருந்தார். உகாண்டாவிலிருந்து நர்சிங் படிக்க வந்தவர். தமிழ் கற்றது ஷேர் ஆட்டோவில்.

"இன்னா பாப்பா, அழுதுகினு போற?"

மகள் விம்மிக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாத்த, பாப்பா தலையும் உன் தலை மாதிரி ஆவணுமா? சூப்பர் முடிப்பா இது! கொஞ்சம் டைம் குடு. அப்புறம் எங்க வேணா இட்டுகினு போ."

வராந்தாவில் பாய் விரித்து மகளை முன்னால் உட்காரவைத்தார். தேங்காய் எண்ணெய் தொட்டு, வகிடு வகிடாகப் பிரித்து, மண்டையோடு ஒட்டினாற்போல் பின்ன ஆரம்பித்தார். பின்னிக்கொண்டே பேசினார். அப்பா இல்லாத வீடாம். அம்மா ஊர்ச் சந்தையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குத் தலை பின்னியே பிள்ளைகளை ஆளாக்கினாராம். அந்த அம்மா இதைத் தன் அக்காவிடம் கற்றுக்கொண்டாராம்.

"ஆன்ட்டி, உங்களையும் கிண்டல் பண்ணுவாங்களா?" என்றாள் மகள்.

"பஸ்ஸுல டெய்லி. முடிய தொட்டே பாப்பாங்க. நல்லா பாத்துக்கோன்னு தலைய தூக்கி உக்காந்துக்குவேன்."

"அழுகை வராதா?"

அடுத்த வகிடு எடுத்தார். "வரும். அப்ப அம்மாக்கு போன் பண்ணுவேன்."

பின்னி முடித்ததும் மகள் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "முருகன்கிட்ட இன்னொரு நாள் வரோம்னு சொல்லிடுப்பா" என்றாள்.

கிண்டல் உடனே நின்றுவிடவில்லை. ஆனால் மறுநாள் அவளே பையை மாட்டிக்கொண்டு வேன் ஏறினாள்.

படிப்பு முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் எனக்கும் பின்னக் கற்றுக்கொடுத்தார். நான் பின்னினால் கோவளத்து மீன்வலை சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும். மகள் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொள்கிறாள்.

எங்கோ ஒரு சந்தையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த ஒரு தாயின் தெம்பு, கடல் தாண்டி வந்து என் மகளை நிமிர்ந்து நடக்க வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் தலையில் கை வைக்கும்போது, முகம் தெரியாத அந்த அம்மாவை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.