மையவாடிக்குப் போன வலை

சூரை மீனின் வயிற்றைக் கீறும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு காலை. என் கணவர் கறிக்கென்று கொண்டுவந்து போட்ட சூரைகள் முழங்கை நீளம்கூட இல்லை. ஒன்றின் வயிற்றிலும் சினை கிடையாது.

"இதுகள் இன்னும் முட்டையே போடல்ல. பச்சப் புள்ளைகளப் புடிச்சிட்டு வந்திரிக்கீங்க" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். மனுஷன் சிரிக்கவில்லை. பக்கத்தில் குந்தி ஒவ்வொரு வயிற்றையும் விரித்துப் பார்த்தார்.

பெரிய சூரை குறைந்துகொண்டு வருவதைக் கல்முனைக் கடற்கரையில் எல்லாரும் கதைத்தார்கள். பழியைத் தூரத்துப் பெரிய படகுகள் மேல் போட்டார்கள், தூரம் போகவிடாத நேவி மேல் போட்டார்கள். தங்கள் வலையின் கண் எவ்வளவு சின்னது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கிற ஆள் எனக்குத்தான் வாய்த்திருந்தார்.

"சினை வைக்க முந்தியே அள்ளினா, பெரிசு எங்கால வாற? இனிக் கைத்தூண்டில்தான்" என்றார்.

"நீங்க விட்டா அடுத்த தோணி அள்ளும்."

"அள்ளட்டும். என்ட வலையில வேணா."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவருக்கோ தன் மனதின் மேலேயே நம்பிக்கை இல்லை போலும். இறந்தவர்களை அடக்கும் கடலோர மையவாடிக்குள் ஆடும் நாயும் புகாமல் அடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பள்ளிவாசல் நிர்வாகத்தார் கேட்டுத் திரிந்தார்கள். அந்தச் சின்னக் கண் வலையைத் தூக்கி அவர்களிடம் கொடுத்துவிட்டார். பள்ளிக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க எங்கள் ஊரில் யாருக்கும் நாக்கு எழாது. அது தெரிந்துதான் கொடுத்தார்.

தோணியில் அவரோடு தொழில் செய்த மூவரில் இரண்டு பேர் அந்தக் கிழமையே வேறு தோணிக்கு மாறிவிட்டார்கள். மிஞ்சியவர் அமைதியான ஆள்; எங்களை அண்ணன், அக்கா முறையில் காக்கா, ராத்தா என்று கூப்பிடுவார். பிறந்து நாற்பது நாள் கழியாத மகளை அந்த மாரியில்தான் அடக்கியிருந்தார். அவரும் போனால் எங்கள் தோணி மணலில் கிடக்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துச் சின்னச் சூரை கரைக்குக் கிட்டவே கூட்டம் கூட்டமாக வந்தது. மற்றத் தோணிகள் நிரம்பி வழிந்தன. இவர்கள் இருவரும் தூண்டிலோடு போய் வெறுங்கையாக வந்தார்கள். மறுநாள் காலை அந்த ஆள் எங்கள் வளவுக்கு வந்தார்.

"காக்கா, வலைய ஒரு நாளைக்கு அவுத்திட்டு வருவம். அந்திக்கே திருப்பிக் கட்டிரலாம். இல்லாட்டி நானும் வேற தோணிதான் பாக்கணும்."

"அவர் சொல்றது சரிதானே" என்று நானும் குறுக்கே விழுந்தேன்.

என் கணவர், "குடுத்தவன் நான், எனக்குக் கேக்க ஏலா. உனக்கு மனசு வந்தா நீயே போய் அவுத்துக்க" என்றார்.

வந்தவர் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். மையவாடி கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஆளைக் காணவில்லை. நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லும் நேரம்தான் திரும்பி வந்தார். கையில் வலை இல்லை. தென்னையடியில் இருந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையைப் பிடித்தபடியே இருந்தார்.

"ராத்தா, என்ட மகள்ற தலமாட்டாலதான் வலைய இழுத்துக் கட்டியிரிக்காங்க" என்றார். "அடக்கின அன்டைக்கு நான் நட்ட செடி தளிர்த்திரிக்கு. ஆடு வாய் வைக்கல்ல."

பிறகு என் கணவரைப் பார்த்தார்.

"தூண்டில எடுத்து வைங்க காக்கா. விடிய சுபஹு தொழுதிட்டுத் தோணிய இறக்குவம்."

தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. வேறு ஊற்றிவருகிறேன் என்று கோப்பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் போய் நின்று அழுதேன். வெளியே இரண்டு பேரும் சிக்கல் விழுந்த தூண்டில் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.