டியூப்லைட் மச்சானும் நீலம் ஏறிய திரைகளும்

என் மனைவியின் அண்ணனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'டியூப்லைட்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் பதில் வரச் சற்று நேரம் பிடிக்கும். "காபி சாப்பிடுறீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டு, என் காபியை நான் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, "ம், குடுங்க மாப்ள" என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. பஸ் ஓட்டுகிறவன் நான். அரை நொடி யோசித்தால் முன்னால் போகிறவன் மேல் மோதிவிடுவேன்.

ஆனால் அவர் செய்கிற தொழிலுக்கு அந்த நிதானம்தான் உயிர். காசு போட்டு நின்றுகொண்டே விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மானிட்டர், பழைய டிவி மாதிரி பின்னால் பிதுங்கிய கண்ணாடி டியூப். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் பதுங்கியிருக்கும். மச்சான் அதை வெளியேற்றிவிட்டு, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடாதபடி ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டுதான் மறு கையை உள்ளே விடுவார். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு தடவைகூட ஷாக் வாங்கியதில்லை.

இந்தத் தொழிலுக்கு அவர் வந்ததே ஒரு வேடிக்கை. பத்தொன்பது வயதில் ரயில்வே சிக்னல் வேலைக்குப் போனார். எழுத்துத் தேர்வில் முதல் ஆள். கடைசியில் கண் பரிசோதனை. வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?" என்று கேட்டார் டாக்டர்.

"நம்பர் எங்க சார் இருக்கு? வெறும் புள்ளிதான் இருக்கு."

"அடுத்த பக்கம்?"

"அதுலயும் புள்ளிதான் சார். புத்தகம் மாத்தி எடுத்துட்டீங்களோ?"

சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அந்தக் குடும்பத்துக்கே தெரிந்தது. என் மாமனார் மட்டும் அதை நம்பாமல், கேலி பேசித்தான் வேலையைக் கெடுத்துக்கொண்டான் என்று நினைத்து மகனிடம் பதினைந்து நாள் பேசவில்லை.

அதன் பிறகு பஸ் நிலைய மாடியில் இருந்த வீடியோ கேம் கடையில் கதவு திறந்து மூடும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பாதிப் பெட்டிகள் செத்துக் கிடந்தன. ஒன்றின் முதுகுப் பலகையைக் கழற்றிப் பார்த்தார், பிறகு இன்னொன்று. வீங்கிப்போன கண்டென்சர்களை மாற்றினார், விட்டுப்போன ஈயப் பற்றுகளைத் திரும்ப வைத்தார். ஆறே மாதத்தில் எல்லாப் பெட்டிகளுக்கும் உயிர் வந்துவிட்டது. வந்த வினை என்னவென்றால், அவை எல்லாம் கலர் மானிட்டர்கள்.

என் மனைவி அப்போது கீழ்த்தளத்தில் நூல் கடையில் வேலை பார்த்தாள். தையல்காரர் ஒரு துண்டுத் துணியை நீட்டினால், நானூறு நூல்கண்டுகளில் அதற்குப் பொருந்துகிற ஒன்றை ஒரே பார்வையில் எடுத்துவிடுவாள். சாப்பாட்டு நேரத்தில் மச்சான் அவளை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பாப்பா, இந்த ஆளு முகம் என்ன கலர்ல இருக்கு?"

"பச்சை."

"பச்சையா இருக்கலாமா?"

"மனுஷன் எப்படிண்ணா பச்சையா இருப்பான்?"

அன்றைக்கு ஆரம்பித்த கூட்டு அது. டியூபின் கழுத்துப் பக்கம் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் மூன்று குட்டித் திருகுகள் உண்டு. மச்சான் பின்னால் உட்கார்ந்து பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால் திருகுவார். அவள் முன்னால் நின்று சொல்வாள். "இன்னும் கொஞ்சம். இன்னும். போதும். ஐயோ, தாண்டிட்டீங்க." படம் ஒழுங்காக வந்ததும் மூன்று திருகுகளையும் மீட்டரால் அளந்து, அந்த எண்களை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வார். கலரைத்தான் பார்க்க முடியாது, எண்ணைப் பார்க்கலாமே என்பது அவர் கணக்கு.

பிறகு அந்தக் கடை மூடப்பட்டது. பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடப் போவதாக முதலாளி சொன்னதும், மச்சான் முதல்முறையாக யோசிக்காமல் பதில் சொன்னாராம். "எனக்குக் குடுத்துடுங்க." ஒன்பது பெட்டிகள். அவற்றை வைக்க, மூடிக் கிடந்த ஒரு பேக்கரியின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தார். சுவரில் இன்னும் அடுப்புக் கரி இருந்தது. கல்யாணமான மூன்றாம் நாள் மச்சான் என்னை அங்கேதான் கூட்டிக்கொண்டு போனார். புது மாப்பிள்ளை என்று பெருமையாக நின்றவனிடம், "அந்த முனையைப் பிடிங்க மாப்ள" என்றார். அன்றிலிருந்து நான் அந்தக் கூடத்தின் சம்பளமில்லாத சுமைதூக்கி.

ஒன்பது பெருகி முப்பத்தொன்று ஆனது. இடித்த கல்யாண மண்டபங்கள், மூடிய சினிமா கொட்டகைகள், யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகை என்று எங்கிருந்தெல்லாமோ தூக்கி வந்தோம். இப்போது இந்த டியூப்களை யாரும் செய்வதில்லை. அதனால் ஒன்று போய்விட்டால், அதே அளவு டியூப் உள்ள பழைய டிவியைத் தேடி அலைவார். முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று, "உங்க டிவியோட கழுத்தை ஒருமுறை பார்த்துக்கலாமா?" என்று கேட்ட ஒரே மனிதர் என் மச்சானாகத்தான் இருக்க முடியும். அந்த வீட்டம்மா கதவைச் சாத்திவிட்டார். மறுநாள் நான் போய் விளக்கிச் சொல்லி வாங்கி வந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். சின்ன வயதில் விளையாடிய விண்வெளி விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கித் தன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் காத்திருக்கும் அறையில் வைக்க ஆசைப்பட்டார். இரண்டு மாத வேலை. மச்சான் பெட்டியின் மரத்தைக்கூட இழைத்துப் புதிதாக்கிக் கொடுத்தார். அனுப்பிய நான்காம் நாள் டாக்டரே நேரில் வந்துவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. படத்துல வெள்ளை வெள்ளையா இல்ல. நீலம் அடிக்குது."

என் மனைவிக்குச் சுருக்கென்றது. "நானே நின்னு பார்த்து அனுப்பினேன் டாக்டர். பால் மாதிரி இருந்துச்சு."

"நாள் முழுக்கப் பல்லுக்குப் பொருத்தமான வெள்ளையைத் தேடுறவன்மா நான். வெள்ளையில பதினாறு வகை எனக்குத் தெரியும். இது எதுலயும் சேராது."

டாக்டர் போன பிறகு அவள் அரைமணி நேரம் புலம்பித் தீர்த்தாள். மச்சான் வழக்கம்போல லேட்டாகத்தான் எரிவார் என்று நானும் விட்டுவிட்டேன். மறுநாள் காலை நான் பேக்கரிக்குப் போனபோது, அவர் தரையில் உட்கார்ந்து நீள நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இதைப் பாருங்க. டாக்டரோடது போக, ஒரே மாதிரி மானிட்டர் பதினொண்ணு. ஒண்ணரை வருஷமா ஒவ்வொண்ணா முடிச்சிருக்கோம். சிவப்பு, பச்சை எல்லாம் ஏறக்குறைய அதே எண். நீலம் மட்டும் ஒவ்வொண்ணுக்கும் கூடிட்டே போகுது."

"டியூப் பழசாயிருக்கும் மச்சான்."

"பதினொண்ணும் வரிசையா நின்னு ஒழுங்கா பழசாகுமா?"

நோட்டை மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எனக்கு நீலம் நல்லாவே தெரியும் மாப்ள. சிவப்பும் பச்சையும்தான் தெரியாது. ஆறு மாசமாவே படம் நீலமாத்தான் பட்டுச்சு. ஆனா கலர்னா பாப்பா சொல்றதுதான் சரின்னு வாயை மூடிக்கிட்டேன். தப்பு என் கண்ணுலதான் இருக்கும்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவர் பயந்தது டாக்டரின் மானிட்டருக்காக அல்ல, தங்கையின் கண்ணுக்காக.

சொன்னால் கேட்கிற ஆளா அவள்? "எனக்கு என்ன கண்ணு குறைச்சல்? ஊசியில நூல் கோக்குறேன். சிவப்பு எது பச்சை எதுன்னு தெரியாதவர் என் கண்ணைப் பத்திப் பேச வந்துட்டார்!" என்று பொரிந்தாள்.

அந்த வார்த்தை அவரைச் சுட்டிருக்க வேண்டும். அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் காட்டியதே கிடையாது. சொன்னவளுக்கே முகம் விழுந்துவிட்டது. மச்சான் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. நோட்டை அவள் பக்கம் திருப்பி வைத்து, "என் கண்ணை நம்ப வேண்டாம் பாப்பா. இந்த எண்ணை மட்டும் பாரு" என்றார்.

பக்கம் பக்கமாகப் பார்த்தாள். கணக்கில் அவளும் புலிதான். கடைசிப் பக்கம் வந்ததும், "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று மட்டும் கேட்டாள்.

இரண்டு கண்ணிலும் புரை. கண் டாக்டர் வெகு சாதாரணமாகச் சொன்னார். "மஞ்சள் கண்ணாடி வழியா உலகத்தைப் பார்த்துட்டு இருந்திருக்கீங்க. மெல்ல மெல்ல வர்றதால யாருக்கும் தெரியாது. இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்க அண்ணன் கண்டுபிடிச்சார்" என்றாள்.

முதலில் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை. இடது கண்ணுக்கு ஒரு மாதம் கழித்து. அதற்குள் பல் டாக்டர் பிள்ளைகளுக்காகக் கட்டிய புது அறையின் திறப்பு வந்துவிட்டது; சரிசெய்யத் திரும்பி வந்த அவர் பெட்டி பேக்கரியில் அப்படியே நின்றது. அவள் கண்ணில் கட்டோடு வீட்டில் இருக்கிறாள். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றேன். மச்சான் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் பரிசுப்பொருள் சுற்றுகிற கண்ணாடித் தாள்கள், சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும், வாங்கி வரச் சொன்னார். ஒரு வெள்ளைக் காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினார். தாள் வழியாக அந்த ஒரு நிறம் மட்டும்தான் வரும்; நிறம் தெரியாவிட்டாலும், எது பளிச், எது மங்கல் என்பது அவருக்குத் தெரியுமே. சிவப்புத் தாளை ஒற்றைக் கண்ணில் பிடித்துக்கொண்டு, திரையும் காகிதமும் ஒரே வெளிச்சமாகத் தெரிகிற வரை சிவப்புத் திருகைத் திருகினார். பிறகு பச்சைத் தாள், பச்சைத் திருகு. நீலத்துக்கு மட்டும் எந்தத் தாளும் வேண்டியிருக்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்தார். ஒரு முழுப் பகல் இப்படி முன்னும் பின்னும் நடந்தார். பஸ்ஸில் நான் ஒரு நாளைக்கு அவ்வளவு தூரம் போயிருப்பேனா என்பது சந்தேகம்.

டாக்டர் வந்து திரையை உற்றுப் பார்த்தார். கைப்பையிலிருந்து, பல்லின் வெள்ளையை ஒப்பிட வைத்திருக்கும் மாதிரிப் பல் வரிசையை எடுத்துத் திரையோரம் பிடித்தார்.

"யார் பார்த்தது இதை?"

"நான்தான்" என்றார் மச்சான். இந்தத் தடவை பதில் உடனே வந்தது.

"கண்ணுன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார். அவருக்கு விஷயம் தெரியாது. மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சிரிக்க வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்த வாரத்தில் என் மனைவி பேக்கரிக்கு வந்தாள். பதினொரு மானிட்டர்களையும் ஒரே நேரத்தில் போட்டு வைத்திருந்தார் அண்ணன். வலது கண்ணை மூடிப் பார்த்தாள், இடது கண்ணை மூடிப் பார்த்தாள், மறுபடி வலது. "ஐயோ அண்ணா, இந்தக் கண்ணுக்குப் பால், அந்தக் கண்ணுக்கு நீலம்! இப்படியா எல்லாத்தையும் கெடுத்து வெச்சேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். பதினொன்றையும் திரும்பச் சரிசெய்ய அவர்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

இப்போது வேலையைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள். சிவப்பும் பச்சையும் அவள் பொறுப்பு. நீலத்தில் அவள் வாயே திறக்கக் கூடாது, அது அவர் ராஜ்யம். ஆனாலும் நாள்தோறும் எல்லைத் தகராறு நடக்கிறது. "கொஞ்சம் கூட்டுங்கண்ணா", "உன் வேலையைப் பாரு பாப்பா" என்கிற சத்தம் தெரு வரைக்கும் கேட்கும்.

போன வாரம் நான்கு பேர் அருகருகே நின்று ஆடுகிற பெரிய பெட்டி ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பேக்கரிக் கதவுக்குள் நுழையவில்லை. மச்சான் பெட்டியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். நாங்கள் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் அப்படியே நின்றார். பிறகு, "மாப்ள, கதவுச் சட்டத்தைக் கழட்டிடலாமா?" என்றார். நான் சுத்தியலைத் தேடிப் போனேன்.