பூஜையில் வைத்த பொனெட் பின்கள்

எனக்கு ஒன்பது வயதானபோது என் சித்தப்பாவின் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இரண்டு பின்களைத் திருடினேன். திருட்டு என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அது பக்தி.

கிள்ளானில் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். அவருடைய தம்பியான சித்தப்பா, இரண்டு கதவுள்ள பழைய ஜப்பான் கார் ஒன்றை யாரையும் கேட்காமல் வாங்கி வந்து நிறுத்திய நாளோடு அப்பா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அப்படியே ஒரு வருஷம் ஓடியது. ஒரே மேசையில்தான் சாப்பாடு. "உன் சித்தப்பாவை அந்த ஊறுகாயைத் தள்ளச் சொல்லு" என்பார் அப்பா என்னிடம். நான் வாயைத் திறக்கும் முன்பே ஊறுகாய் வந்துவிடும்.

சித்தப்பா அந்தக் காரின் எஞ்சினை மூடும் கனமான பொனெட்டைக் கழற்றிவிட்டு லேசான ஃபைபர் பொனெட் போட்டிருந்தார். அதற்குப் பூட்டு கிடையாது. காரிலிருந்து இரண்டு இரும்புக் குச்சிகள் பொனெட்டின் துளைகள் வழியாக மேலே எட்டிப் பார்க்கும். குச்சியின் தலையில் ஓர் ஓட்டை. அதில் கொண்டை ஊசி மாதிரி ஒரு பின்னைச் செருகினால் பொனெட் அசையாது. செருகிய பிறகு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார் சித்தப்பா.

"இது இல்லன்னா வேகத்துல பொனெட் தூக்கிக்கிட்டு வந்து கண்ணாடியில அடிக்கும். செப்பாங்ல உள்ளயே விட மாட்டாங்க லா."

செப்பாங் பந்தயத் தடத்தில் ஒரே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பல தடவை பெயர் கொடுத்துக் கடைசியில் இடம் கிடைத்தது. ஆயுத பூஜை அன்று பிற்பகல்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை காலையிலேயே நடந்துவிடும். லோரிச் சாவி, ஸ்பேனர்கள், அம்மாவின் கத்தரிக்கோல் எல்லாம் சாமி முன்னால் வரிசையாக இருக்கும். வைத்ததை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது என்பதால், கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். சித்தப்பாவின் பொருள் எதுவும் அங்கே இருக்காது. முந்தின வருஷம் அப்பா சுவரைப் பார்த்து, "விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் பூஜை கிடையாது" என்று சொல்லியிருந்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். கார்ச் சாவி அவருடைய தலையணைக்கு அடியில். பின்கள் வெளியே, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இரண்டையும் உருவிக் கழுவி லோரிச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சந்தனம் வைத்துக்கொண்டே வந்த அப்பாவின் கை பின்களுக்கு வந்ததும் நின்றது. பிறகு சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், ஒரு பூவும் வைத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

சித்தப்பா குளித்துவிட்டுக் காரிடம் போனவர், போன வேகத்தில் திரும்பி வந்தார். "பின்னைப் பாத்தியா?" என்று என்னைக் கேட்கும்போதே அவர் கண் சாமி மேடைக்குப் போய்விட்டது.

"டேய்" என்றார் அப்பா.

அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் தம்பியைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னிக்கு நீ செப்பாங்ல ஓட்டப் போறேன்னு உன் அண்ணி சொன்னா. போகாம, பின்னைக் கழட்டிக் கொண்டாந்து பூஜையில வெச்சிருக்க. மனசு நெறஞ்சு போச்சுடா."

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தேன்.

"ஆமாண்ணே" என்றார். பிறகு வாசலுக்குப் போய் நண்பருக்குப் போன் போட்டார். "போஸ், நான் வரல லா. வீட்டுல பூஜை."

சாப்பாட்டின்போது அப்பா ஊறுகாயைத் தானே எடுத்துத் தம்பியின் இலையில் வைத்தார். பிற்பகல் முழுவதும் இரண்டு பேரின் தலைகளும் காரின் எஞ்சினுக்குள் இருந்தன. மறுநாள் காலை பின்களை எடுத்துக் கொடுத்தவரும் அப்பாதான். என் குட்டு வெளிப்படவே இல்லை. சித்தப்பாவுக்கு அப்பாவிடம் அவ்வளவு பயம் என்று நினைத்துக்கொண்டேன். செப்பாங்கில் அவருக்கு மறுபடி இடம் கிடைக்கவில்லை. கல்யாணம் ஆனதும் காரை விற்றுவிட்டார்.

அந்தப் பூஜைக்கு அடுத்த வாரம், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் தோசை வாங்கித் தருகிறேன் என்று சித்தப்பா என்னைக் காரில் கூட்டிப்போனார். கை துடைக்க டிஷ்யூ தேடி டாஷ்போர்டு பெட்டியைத் திறந்தேன். உள்ளே, பிரிக்காத பாக்கெட்டில், அதே மாதிரி இரண்டு பின்கள்.

"இது புதுசா, சித்தப்பா?"

"இல்ல லா. ஸ்பேர். எப்பவும் ஒரு செட் வண்டியிலயே கெடக்கும்."

"அப்ப அன்னிக்கும் இருந்துச்சா?"

அவர் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். "இருந்துச்சு. மறந்துட்டேன்."

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைக்கூட மறந்துபோகிறவரை நம்பிக் காரில் ஏறலாமா என்று கிள்ளான் வரும் வரை கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.