சண்டமாருதம் தோற்கும் என்று எழுதியவள்

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று சனிக்கிழமைப் பத்திரிகையில் எழுதுகிற 'கடிவாளம்' ஒரு பெண் என்பது வாசகர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஒருவர் பத்திரிகை ஆபீசுக்கே தேடிவந்து, வாசலில் எதிர்ப்பட்ட அவளிடமே, "கடிவாளம் ஐயா உள்ள இருக்காரா?" என்று கேட்டார். "இப்பதாங்க கிளம்பினார்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

வாரநாட்களில் அவளுக்கு வேலை ஆஸ்பத்திரியில். பிசியோதெரபிஸ்ட். முட்டி, இடுப்பு, தோள்பட்டை என்று வலிக்கிற இடங்களோடுதான் அவளுக்குப் பொழுது போகும். நோயாளி கதவைத் திறந்து அவள் மேசைவரை நடந்து வருவதற்குள் சங்கதி அவளுக்குப் பிடிபட்டுவிடும்.

"இடது இடுப்பா?"

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க? நான் இன்னும் வாயே திறக்கலியே!"

"உங்க செருப்பு சொல்லிடுச்சு. ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க."

குதிரைகளிடம் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தம்பி. அவன் வளர்த்தி நின்றுபோனதும் வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். அவன் கவலைப்படாமல் குதிரை மேல் ஏறி எல்லோரையும்விட உயரமாகிவிட்டான். அவன் ஜாக்கியாகி முதன்முதலாகப் பந்தயத்தில் சவாரி செய்த நாளில், அம்மா பார்க்கப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட, அக்காதான் போனாள். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுகிற இடத்தில், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றி நின்றவர்களெல்லாம் கையிலிருந்த பந்தயப் புத்தகத்தில் தலையைப் புதைத்திருந்தார்கள். அவள் மட்டும் குதிரைகளின் பின்னங்கால்களைப் பார்த்தாள்.

"அந்தச் செவலைக்கு இடுப்பு பிடிச்சிருக்கு. அது இன்னிக்கு ஓடாது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பக்கத்தில் நின்ற மனிதர் சிரித்தார். அன்றைக்கு ஊரே நம்பியிருந்தது அந்தச் செவலையைத்தான். அது கடைசியாக வந்தது. அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் அந்த மனிதர் தானாகவே நகர்ந்து வந்து, "இதுல எதும்மா?" என்று கேட்டார். அவர் ஒரு தினசரியின் விளையாட்டுப் பக்க ஆசிரியர். 'கடிவாளம்' பிறந்தது அப்படித்தான்.

அவள் கணிக்கும் முறையில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. முதலில் நடை. முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுகிறதா, கழுத்து தளர்ந்திருக்கிறதா, தொடையிடுக்கில் நுரைத்து வியர்க்கிறதா என்று பார்ப்பாள். பிறகு வம்சம். குறுகிய தூரத்தில் பறந்த அப்பனுக்குப் பிறந்தது, நீண்ட தூரத்தில் மூச்சு வாங்கும். பிறகு அன்றைய மண், முதல்நாள் பெய்த மழை, முதுகில் ஏற்றுகிற எடை. இத்தனையும் பார்த்தபின் ஒரு முடிவுக்கு வந்தால் வந்ததுதான். தன்னடக்கம் அவளுக்குக் கைவராத கலை.

"ஒரு 'லாம்' போட்டு எழுதும்மா. 'ஜெயிக்கலாம்'னு. நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தா எனக்கு ஒரு பிடிமானம் வேணாமா?" என்பார் ஆசிரியர்.

"லாம் போட்டா அது ஜோசியம் சார். நான் எழுதறது வைத்தியம்."

அவள் பந்தயம் கட்டுவதில்லை. கட்டினால் கண் கெட்டுப்போகும் என்பாள். தான் கட்டிய குதிரை நொண்டினால்கூட அது நடனமாடுகிற மாதிரித் தெரியுமாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சண்டமாருதம் வந்தது.

கன்னங்கரேலென்று, தோள் புடைத்த ஆண்குதிரை. ஓடிய ஓட்டங்களிலெல்லாம் அதுவே முதல். கதவு திறந்ததும் முன்னால் பாயும். பிறகு மற்ற குதிரைகளுக்கு அதன் வாலைப் பார்த்துக்கொண்டே ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. அதன் மேல் உட்கார்ந்திருந்தவன் அவளுடைய தம்பி. மூன்று வயதுக் குதிரைகளுக்கான வருஷத்தின் பெரிய பந்தயம் நெருங்க நெருங்க, டீக்கடை, பஸ், சலூன் என்று எங்கே போனாலும் ஊர் அதைப் பற்றியே பேசியது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தவர்கள்கூட அவளிடம், "உங்க தம்பிதானேம்மா ஓட்டறார்?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார்கள்.

அவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சண்டமாருதம் இதுவரை ஜெயித்ததெல்லாம் ஒரு மைலுக்குள். பெரிய பந்தயமோ ஒன்றரை மைல். அதன் தகப்பன் வழியில் ஒன்றுகூட அவ்வளவு தூரம் தாக்குப்பிடித்ததில்லை. அதோடு இன்னொன்று: அது ஓடும்போது கடிவாளத்தோடு மல்லுக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைத் தூக்கிக்கொண்டு, இழுத்துப் பிடிக்கிறவனோடு சண்டை போட்டே பாதிச் சக்தியைத் தொலைத்துவிடும். ஒரு மைலுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒன்றரை மைலுக்கு ஆகாது.

ஆனால் ஒருநாள் காலைப் பயிற்சியில் அவள் வேறொன்றையும் பார்த்திருந்தாள். வேறொரு லாயத்துக் குதிரைகள் குறுக்கே புகுந்துவிட, சண்டமாருதம் கொஞ்ச தூரம் அவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டது. முன்னால் நாலு முதுகுகள் தெரிந்ததும் அது தலையைத் தாழ்த்திக்கொண்டு, சண்டையை மறந்து, பூனைமாதிரி ஓடியது. வழி கிடைத்ததும் தம்பி அதை விலக்கி முன்னால் கொண்டுபோனான். பழைய மல்லுக்கட்டல் திரும்பவும் ஆரம்பித்தது.

சனிக்கிழமைப் பத்திரிகையில் அவள் எழுதினாள்: "சண்டமாருதம் தோற்கும். நிதானம் என்ற பெண்குதிரை ஜெயிக்கும். நிதானத்தைப் பார்த்தால் பால்வண்டி இழுக்கிற குதிரை மாதிரி இருக்கும். ஆனால் கடைசிக் கால் மைலில் அதற்கு மட்டும்தான் மூச்சு மிச்சமிருக்கும். சண்டமாருதத்தை மற்ற குதிரைகளின் பின்னால் ஒளித்துவைத்து ஓட்டினால் கதை வேறு. ஆனால் அதன் சவாரிக்காரர் அப்படிச் செய்யமாட்டார். எங்கே போனாலும் முன்னால் போய் நிற்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி."

ஆசிரியர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்க தம்பியாச்சேம்மா?"

"அதனாலதான் சார் அவ்வளவு உறுதியாத் தெரியும்."

சனிக்கிழமை காலையில் அம்மா பத்திரிகையைப் படித்தாள். படித்து முடித்ததும் அதை நாலாய் மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் கொடுத்துவிட்டாள். அன்று முழுக்க மகளிடம் பேசவேண்டியதையெல்லாம் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"கூடப்பொறந்தவனைப் பத்தி ஊருக்கெல்லாம் அச்சடிச்சுக் குடுக்கறாங்க. வெளியாளுங்க நல்லபடியா எழுதறாங்க, வீட்டுக்குள்ள இருந்துதான் வினை."

"அம்மா, நான் எழுதினது குதிரையைப் பத்தி."

"வியாதின்னு எழுதினது குதிரைக்கா?" என்று அம்மா சுவரையே கேட்டாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. உக்காரு."

"உக்கார வரல. லாயத்துல எல்லாரும் 'என்ன வியாதிக்காரரே'ன்னு கூப்பிடறாங்க. குதிரைக்குப் புல்லு போடறவன்கூட!"

"சரி, அது கொஞ்சம் அதிகம்தான். ஒத்துக்கறேன். மிச்சத்துல ஏதாவது தப்பு இருந்தா சொல்லு."

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். கோபமாக வந்தவன் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் அவன் கை தானாகவே கண்ணுக்குத் தெரியாத கடிவாளத்தைப் பிடித்து உருட்டும். இப்போது உருட்டியது.

"அன்னிக்குக் காலையில நிஜமாவே தலையைத் தாழ்த்திச்சா?"

"மேல உக்காந்திருந்தவன் நீ. உனக்குத் தெரியலியா?"

"வழி எப்ப கிடைக்கும்னுதான் பாத்துட்டிருந்தேன். குதிரையைப் பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, "டிரெய்னர் ஒத்துக்க மாட்டார் அக்கா. முன்னாடி போ, வேற எதுவும் யோசிக்காதேன்னு சொல்லியிருக்கார்" என்றான்.

"அப்ப முன்னாடியே போ. நான் எழுதினது பலிக்கும்."

அவன் முறைத்துவிட்டுப் போய்விட்டான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் எடை பார்ப்பார்கள் என்பதால் எப்படியும் குடித்திருக்கமாட்டான்; ஆனாலும் அம்மா அதையும் மகளின் கணக்கில்தான் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். அவள் வழக்கமான இடத்தில் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஆசிரியர்.

குதிரைகள் நடந்து வந்தன. நிதானத்தின் நடை அன்று பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. பின்னங்கால் முன்தடத்தைத் தாண்டி ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நம்ம கொடிதான்மா பறக்கும்" என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

கடைசியாகச் சண்டமாருதம் வந்தது. எப்போதும் முதலில் வருவது. கூட்டத்தின் இரைச்சல் கேட்காதபடி காதுகளுக்குத் துணியுறை மாட்டியிருந்தார்கள். அவள் அதுவரை பார்த்திராத ஏற்பாடு. நிதானத்தின் வாலுக்குப் பின்னால், ஒட்டினாற்போல், தலையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தது. உடம்பில் ஒரு சொட்டு வியர்வை இல்லை. நடுவில் நின்ற டிரெய்னர் கைகளைக் கட்டிக்கொண்டு, முகம் சிவந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே தம்பி கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். சொல்லாதே என்ற ரகசியத்தைச் சொல்லியும், ஏறாதே என்ற மரத்தில் ஏறியும் வளர்ந்தவன் அவன். அந்த உதட்டுக்கடியை அவள் அவன் பல் முளைத்த காலத்திலிருந்தே அறிவாள்.

"சார், நம்ம குதிரை ரெண்டாவது."

ஆசிரியருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னம்மா இது! பேப்பர் ஊர் பூரா போயாச்சு!"

"போகட்டும். தம்பி கைக்கும் போயிருக்கு. படிச்சிருக்கான்."

கதவுகள் திறந்தன. கறுப்புக் குதிரை முன்னால் பாயவில்லை. கூட்டம் முழுதும் ஒரே மூச்சாக 'ஐயோ' என்றது. கடைசிக்கு இரண்டு குதிரைகளே மிச்சம் என்ற இடத்தில், முன்னால் போகும் முதுகுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அது சாதுவாக ஓடியது. "ரேஸை வித்துட்டாண்டா!" என்று யாரோ கத்தினார்கள். முதல் மைல் அப்படியே போயிற்று.

வளைவு திரும்பியதும் நிதானம் முன்னால் வந்தது. அவள் எழுதியபடியே, ஒரு வரி பிசகாமல். மற்ற குதிரைகளுக்கு நடை குலைந்தது; அதற்கு மட்டும் அதே வீச்சு, அதே மூச்சு. அப்போதுதான் வெளிப்பக்கமாக, புழுதிக்குள்ளிருந்து, கறுப்பாக ஒன்று விலகி வந்தது. இத்தனை தூரம் சண்டை போடாமல் சேர்த்துவைத்ததையெல்லாம் சண்டமாருதம் ஒரேயடியாகக் கொட்டியது.

மைதானத்தில் அதுநாள்வரை சத்தமாக இருமியதுகூட இல்லாதவள், வேலிக் கம்பி மேல் கால்வைத்து ஏறி, "கையை ஆட்டாதடா! கையை ஆட்டாத!" என்று அலறினாள். கையை ஆட்டினால் குதிரை மறுபடியும் தலையைத் தூக்கிவிடும். தம்பி ஆட்டவில்லை. இரண்டு குதிரைகளும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. எல்லைக் கம்பத்தில் கறுப்புக் குதிரை ஒரு தலை முன்னால் இருந்தது.

அவள் கீழே இறங்கியபோது உள்ளங்கை எரிந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் பத்திரிகையைச் சுக்குநூறாகக் கிழித்து, "இந்தக் கடிவாளத்தைக் கட்டிவெச்சு உதைக்கணும்மா" என்றார்.

"ஆமாங்க. நல்லா உதைக்கணும்" என்றாள் அவள், மனசார.

எடை பார்த்து, மாலை போட்டு, படம் பிடித்து, தம்பி வெளியே வரும்வரை அவள் காத்திருந்தாள். தலைமுடியெல்லாம் புழுதி. முகம் முழுக்கப் பல்.

"தோத்துட்டியே அக்கா!"

"தோத்தது நான் சொன்ன குதிரை. ஜெயிச்சது நான் சொன்ன வழி. பாதியாவது எனக்குக் குடு."

"டிரெய்னர்கிட்ட கேளு. முதல்ல இருந்தே இதுதான் தன்னோட திட்டம்னு டிவில சொல்லிட்டிருக்கார்."

"அவர் எப்படிடா ஒத்துக்கிட்டார்?"

"எங்க ஒத்துக்கிட்டார்? காதுக்குத் துணி போடறதுக்கு மட்டும்தான் சம்மதிச்சார். மிச்சத்தை நான் மேல ஏறினப்புறம் பாத்துக்கிட்டேன்." சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. "ஜெயிக்காமப் போயிருந்தா நாளைக்கு எனக்கு வேலை இல்ல அக்கா. வளைவுவரைக்கும் அதே நெனப்புதான்."

குதிரையின் கால், வம்சம், மண், மழை எல்லாவற்றையும் எடைபோட்டவள், அந்த ஒன்றரை மைலில் அவன் தலைக்கு மேல் என்ன தொங்கிக்கொண்டிருந்தது என்று யோசிக்கவே இல்லை. அவன் தலையிலிருந்த புழுதியைத் தட்டிவிட்டாள். வியாதி என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அவன் அதற்குள் "பசிக்குது அக்கா, உயிரே போகுது" என்று அவளை இழுத்துக்கொண்டு நடந்தான். வீட்டில் அம்மா, மகளை நேராகப் பார்த்து, "நீ மட்டும் எழுதலேன்னா இவன் ஜெயிச்சிருப்பானா?" என்றாள், என்னவோ அவளே சொல்லி எழுதவைத்த மாதிரி.

ஆசிரியர் வருத்தம் தெரிவித்து இரண்டு வரி கேட்டார். அவள் ஒரே வரி கொடுத்தாள்: "சென்ற வாரம் குதிரைகளைச் சரியாகக் கணித்தேன், ஒரு மனிதரைத் தவறாகக் கணித்தேன்." அதன்பிறகு வேலிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, கால்களைப் பார்த்து முடித்ததும், சவாரிக்காரர்களின் முகங்களையும் ஒரு சுற்றுப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை காலையில் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, நாளைக்கு மூணாவது ரேஸ்ல என் குதிரை தோத்துடும்னு எழுதியிருக்கே. படிச்சேன். ஆனா எப்படி ஓட்டினா ஜெயிக்கும்னு போடவே இல்லியே?"

"வழி இருந்தாத்தானேடா போடுவேன்? அது ஓடாது."

அது ஓடவில்லை.