கை நனைக்கும் முன் கீரனூரில் இறங்குங்கள்

சென்ற தை மாதத்து ஞாயிறு ஒன்றில், எழுபத்து நான்காம் வயதில், மாப்பிள்ளை வீட்டாராக நின்று பெண் கேட்கப் போனேன். மாப்பிள்ளை எனக்கு உறவினர் அல்லர், தமிழரும் அல்லர். ஜெர்மனியில் என் மகனோடு பணிபுரியும் மத்தியாஸ். அதே அலுவலகத்தில் இருக்கும் தேன்மொழியும் அவரும் மூன்றாண்டுகளாக ஒருவரையொருவர் விரும்புகின்றனர். பெண்ணின் ஊர் பொன்னமராவதிக்கு அருகில். அவளுடைய தந்தை செல்லையா தொலைபேசியில் மறுப்பேதும் சொல்லவில்லை. "பெரியவங்க யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. ஒத்தையா வந்து நின்னா நான் யாருக்கிட்டங்க பேசுறது?" என்று மட்டும் கேட்டாராம். மத்தியாஸுக்குப் பெற்றோர் இல்லை. ஆகவே அப்பொறுப்பு திருச்சியில் இருக்கும் என்னிடம் வந்தது.

மறைவில் மலர்ந்த காதலை வீட்டாருக்கு எடுத்துரைத்து மணத்துக்கு வழிசெய்வதை நம் அகமரபு 'அறத்தொடு நிற்றல்' என்னும். அது தோழியின் கடமை. நாற்பதாண்டுகள் அதனை வகுப்பில் நடத்தியவனுக்கு இப்போது தோழி வேடம். இத்தகைய பயணத்துக்கு ஆயத்தமாகும் குடும்பங்கள் இன்று பல, அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

காலை 6.30 மணிக்கு வாடகைக் காரில் புறப்பட்டோம். அன்று ஓடியது 290 கிலோமீட்டர். வாடகை 5,800 ரூபாய். நேராகப் போய் வந்திருந்தால் 3,500 ரூபாயில் முடிந்திருக்கும். மிகுதி என் பிழையால் வந்தது.

முப்பது கிலோமீட்டரில் கீரனூர். 7.20 மணிக்குத் தேநீருக்கு நிறுத்தினோம். தேன்மொழியிடம் கற்ற தமிழில் மத்தியாஸ் கேட்டார்: "தேன்மொழியோட மாமா கடை இங்கிட்டுத்தானங்க?" பெண்ணின் தாய்மாமன் பழனிவேல் அவ்வூரில் உரக்கடை வைத்திருக்கிறார். பத்தரைக்கு நல்ல நேரம், முதலில் தந்தையைக் காண்பதே முறை, மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி நான் வண்டியைக் கிளப்பச் செய்தேன்.

வழியெல்லாம் பாடம் நடத்தினேன். காலணியை வாசலிலேயே கழற்றுக. பெண்ணைத் தொடற்க, அவள் அழகைப் பிறர்முன் புகழற்க. பெரியவர்கள் அமரச் சொல்லும்வரை நிற்க. எல்லாவற்றினும் முக்கியமாக, சம்பந்தம் உறுதியாகும் வரை பெண் வீட்டில் காப்பி, பலகாரத்தோடு நிறுத்துக. இலைபோட்டுச் சோறு உண்டால், அதாவது கை நனைத்தால், இரு வீட்டாரும் உறவாகிவிட்டனர் என்பது பொருள்.

ஓட்டுநர் செந்தில் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "எலை போடாம அனுப்பிட்டாங்கன்னா என்னங்கய்யா பண்றது? எதுக்கும் ஒரு புரோட்டாக் கடை பாத்து வச்சுக்குறேன்."

குன்றாண்டார்கோவில் குடைவரையில் முக்கால் மணி நேரம் தங்கினோம். கல்லைக் கொண்டுவந்து கோயில் எழுப்பாமல், குன்றிடமே இடம் கேட்டு உள்ளே எழுந்தருளியவன் அங்குள்ள ஈசன். அயல் வீட்டில் இடம் கேட்கச் செல்பவனுக்கு அதனினும் பொருத்தமான சந்நிதி ஏது? மத்தியாஸ் திருநீற்றைச் சிந்தாமல் அணிந்துகொண்டார்.

10.40 மணிக்குச் செல்லையா வீட்டை அடைந்தோம். ஆறு மாதமாக ஊரிலிருந்தே அலுவலக வேலை பார்த்துவந்த தேன்மொழியை அன்றுதான் மீண்டும் கண்ட மத்தியாஸ் கைகூப்பி வணங்கியதோடு நிறுத்திக்கொண்டார். அவளும் காப்பியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். காத்திருப்பும் அன்பின் இலக்கணமே என்று மேடைதோறும் பேசியிருக்கிறேன். அன்று கண்ணால் கண்டேன். குடும்பம், வேலை, திருமணத்துக்குப் பின் வாழும் ஊர் என்று செல்லையா ஒன்றரை மணி நேரம் விசாரித்தார். பிறகு எழுந்து, "எலை போட்டாச்சு, வாங்க" என்றார்.

பெண்ணின் தந்தையே இலைக்கு அழைத்துவிட்டார். எனக்குக் கண் பனித்தது. ஆனால் மத்தியாஸ் இலைமுன் அமரவில்லை.

"மாமா வரலீங்களா?" என்றார்.

சமையலறை வாயிலில் நின்ற பெண்ணின் தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். செல்லையா என்னைப் பார்த்தே பேசினார். "நான் சவுதியில கெடந்த பதினோரு வருசம் இவளப் படிக்க வச்சது எம் மச்சான்தாங்க. இந்த விசயத்த ஊர்வாயால கேட்டுட்டாரு. கோவம். வரமாட்டாரு. முடிச்சுப்புட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தோம்."

மத்தியாஸ் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார்: "கை நனைச்சா எல்லாரும் உறவுன்னு ஐயா சொன்னாங்க. அவரு இல்லாம நனைக்கக் கூடாதுங்க."

மாமன் மாலை ஏறாத மணமகளை நம் பக்கத்தில் யார் கண்டது? நான் காலையில் அவர் கடை இருக்கும் ஊரில் தேநீர் அருந்திவிட்டு வந்தவன். நாலரைக்கு இராகுகாலம். அதற்குள் அவர் வந்து அமராவிட்டால் அன்றைய சம்மதம் பாதிச் சம்மதம். தேன்மொழிக்கு அது வாழ்நாள் முழுதும் மனக்குறை. அவரை அழைத்துவர நாங்கள் கீரனூருக்கே திரும்பினோம். மத்தியாஸ் புரோட்டாவையும் மறுத்துவிட்டதில் செந்திலுக்குத்தான் வருத்தம்.

2.15 மணிக்கு உரக்கடை. பழனிவேல் மத்தியாஸை ஏறிட்டும் பார்க்கவில்லை. "காலையில இந்த ரோட்டுலதான போனீங்க?" என்று என்னைக் கேட்டார். பிழை என்னுடையது என்று கைகூப்பினேன்.

அவர் முதன்முறையாக மத்தியாஸிடம் திரும்பினார். "சாப்பிட்டீங்களா?"

"இல்லீங்க மாமா. நீங்க வந்தாத்தான்."

அந்தத் தமிழில் தம் மருமகளின் குரலைக் கேட்டாரோ என்னவோ, எழுந்து கடை ஷட்டரை இழுத்துவிட்டார். முன்னிருக்கையில் அமர்ந்து செந்திலிடம் சொன்னார்: "அங்கிட்டுப் போட்ட எலை காஞ்சு போயிருக்கும். போனப் போட்டு வேற அறுக்கச் சொல்லுப்பா."

4.05 மணிக்கு மாமனும் மாப்பிள்ளையும் அடுத்தடுத்த இலையில் கை நனைத்தார்கள். பரிமாறியது தேன்மொழி.

அன்பின் வழி எந்நாட்டவர்க்கும் ஒன்றே. அதனை ஊரறிய உயர்த்திப் பிடிக்கும் முறை நம்முடையது. அம்முறையை அயலவர் ஒருவர் என்னினும் நுட்பமாக உணர்ந்தார் என்பதில் எனக்கு நாணமில்லை, பெருமையே. அயல்நாட்டு மாப்பிள்ளையை அழைத்துச் செல்வோர் காலணி, வலக்கை பற்றியெல்லாம் வண்டியிலேயே சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் போதும். பெண்ணை வளர்த்தவர் யார் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் வாசலில் முதலில் இறங்குங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ போதும். நல்ல நேரம் சற்றுத் தள்ளிப்போனாலும் பழுதில்லை.

திருமணம் வைகாசியில். திரும்பும் வழியில் கீரனூரில் இறங்கிக்கொண்ட பழனிவேல், கார்க் கதவைச் சாத்தாமல் குனிந்து என்னிடம் கேட்டார்: "கல்யாணத்துக்கும் இந்த வழியாத்தான வருவீங்க? வண்டி நிக்குமுங்களா?"