எழுதிக் கொடுத்தவன் முகம்

1. பலகையில் மூன்று வரி

எண்ணூரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உண்மைத் தகவல் எது, கருத்து எது, பிரச்சாரம் எது என்று ஏழாம் வகுப்புக்குப் பிரித்துக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. சோப்பு விளம்பரத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் வெளுத்து வாங்கிவிடுவார்கள். சொந்தத் தெருவில் கேட்டதைக் கொடுத்தால்தான் திணறுவார்கள்.

ஆற்றை ஒட்டி ஒரு கம்பெனி விரிவாக்கம் செய்யவிருந்த சமயம் அது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க ஒரு மைக் ஆட்டோ சுற்றியது. அதில் கேட்டதை அப்படியே பலகையில் எழுதினேன்.

'வூட்டுக்கு ஒரு வேலை நிச்சயம். ஆத்துக்கு ஒரு கெடுதலும் வராது. நம்ம ஊரு முன்னேறப் போவுது.'

"இதுல எது தகவல்?"

"மூணுமே தகவல்தான் டீச்சர்! ஏழுமலை அண்ணன் சொல்றாரு, பொய்யா இருக்குமா?" என்றான் ஒருவன். வகுப்பே தலையாட்டியது.

ஏழுமலை, ஊரில் சாவு விழுந்தால் மைக் கட்டித் தெருத்தெருவாக அறிவிப்பவர். யார் போனார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். சாவுச் செய்தியில் யார் பொய் சொல்வார்? அந்த நம்பிக்கையில் இதையும் நம்பினார்கள். அவரையே பிடித்துப் படிக்க வைத்த கம்பெனிக்காரன் லேசுப்பட்டவன் இல்லை.

அப்போது எழுந்தவள் தேவி, ஏழுமலையின் மகள்.

"வேலை இன்னும் யாருக்கும் வரல டீச்சர், அது வாக்குறுதி. கெடுதல் வராதுன்னு யாரும் பாத்து சொல்லல. முன்னேறும்ன்றது கருத்து." கொஞ்சம் நிறுத்தி, "அப்ப எங்க நைனா பொய் சொல்றாரா?" என்றாள்.

"இல்லம்மா. எழுதிக் குடுத்தவங்க வேற. உங்கப்பா படிக்கிறாரு, அவ்வளவுதான்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

2. ஏழுமலை வந்தார்

மறுநாள் காலை பள்ளி வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குரலே எழும்பவில்லை.

"டீச்சரம்மா, என் பொண்ணு என்னாண்ட பேச மாட்டேங்குது. 'நீ பாத்தியா நைனா'ன்னு கேக்குது. நான் இன்னா சொல்றது? பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்கோ. நானும் நம்பிகினுதான் படிச்சேன். பெரியவன் ஐடிஐ முடிச்சிட்டு வூட்ல சும்மா கீறான்மா."

மகனுக்கு வேலை கிடைக்கும் என்று அந்த மனுஷனே நம்பியிருக்கிறார். தேவியிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவளிடம் பேசினேன். அப்பாவும் பெண்ணும் ராசியானார்கள்.

3. ஊர் ராசியாகவில்லை

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் கம்பெனிக்கு ஆதரவாகக் கை தூக்கினார்கள். கம்பெனிச் சுவர் எழும்பியது. வேலைக்கு வெளியூர் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்தார்கள். ஆற்றில் இறால் குறைந்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, நியாயம் கேட்கப் போன யாரையும் உள்ளே விடவில்லை. அதனால் எல்லோரும் ஏழுமலை வீட்டு வாசலுக்குப் போனார்கள்.

"இன்னா ஏழுமலை, வேலைன்னியே, எங்க?"

அத்தோடு விடவில்லை. சாவு அறிவிக்கக்கூட டோல்கேட் ஏரியாவிலிருந்து வேறு மைக் ஆட்டோவை வரவழைத்தார்கள். ஏழுமலை மைக் செட்டை விற்றுவிட்டு ஒரு குடோனுக்கு மூட்டை தூக்கப் போனார்.

எட்டாம் வகுப்புக்குப் போயிருந்த தேவி ஒருநாள் வந்து நின்றாள். "எழுதிக் குடுத்தவங்க வேறன்னு கிளாஸ்ல சொன்னீங்கல்ல டீச்சர். அத எங்க தெருல வந்து சொல்றீங்களா?"

போனேன். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் மீன் விற்கும் ஒரு அம்மா சொன்னார்:

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா எழுதிக் குடுத்தவன் மூஞ்சிய நாங்க பாத்ததேயில்லையே. யாரப் போய் கேக்கறது? ஏழுமலைதான கண்ணுக்கு எதுர்ல கீறான்."

பிரச்சாரத்தை எழுதிக் கொடுக்கிறவன் ஏச்சு வாங்குவதற்கும் சேர்த்துத்தான் நம்மில் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறான் என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. இந்தப் பாடத்தை எடுக்கப்போகும் இளம் ஆசிரியர்கள் அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அன்று தெருமுனை வரை தேவி கூட வந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.