அரிசி டப்பாவில் ஒரு இழைப்புளி

என் வீட்டுக்காரர் கேசவன் வேலை பார்த்த காலமெல்லாம் இயந்திரப் படம் வரைந்தே பிழைத்தவர். வால்வு வரைவார், பம்பு வரைவார், அதிலுள்ள நட்டு போல்ட்டுகளை மயிரிழை பிசகாமல் வரைவார். வீட்டில் ஃபேன் நின்றால் மட்டும் எலெக்ட்ரீஷியனுக்கு போன் போடுவார். அவர் ஸ்க்ரூ டிரைவர் பிடித்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் ரிடையர் ஆனார். கல்பாக்கம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சதுரங்கப்பட்டினத்தில் கட்டிய வீட்டுக்கு வந்தோம். வந்ததிலிருந்து மனிதர் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. டி.வி. ஓடும், அவர் பார்க்கமாட்டார். "சாப்பிட வாங்க" என்றால் வருவார், "படுங்க" என்றால் படுப்பார். சண்டை போட்டால்கூடத் திருப்பிச் சண்டை போடவில்லை. இப்படியே உட்கார்ந்து போய்விடுவாரோ என்று பயந்தேன்.

அதனால்தான் உடைந்த ஜன்னல் கம்பிகளைக் கட்டிக் கொடுத்து, செங்கல்பட்டில் இருக்கும் எல்லப்பனின் காயலான் கடையில் போட்டுவிட்டு வாருங்கள் என்று துரத்திவிட்டேன். போனார். பழைய இரும்பைப் போட்டுவிட்டு, அதைவிடப் பழைய இரும்பு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். அதுவும் எப்படி? கேட்டிலிருந்து ஓடி வந்தார்! அவர் ஓடி நான் பார்த்ததே கல்யாணத்தன்று மழை பிடித்துக்கொண்டபோதுதான்.

"இன்னாங்க இது?"

"இழைப்புளி, கல்யாணி! தச்சருங்க மரம் சீவுறது. கட்டையில செஞ்சது பாத்திருப்ப. இது முழுக்க இரும்பு! சீமையிலேர்ந்து வந்ததா இருக்கும்!"

துருவின் உள்ளே எங்கேயோ இழைப்புளி இருக்கிறது என்று அவர் சொன்னதால் நம்பினேன். என் கண்ணுக்குத் துரு மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்குப் பிடித்தது சனி. இட்லிக் குண்டானில் வினிகரை ஊற்றி அதை ஊறப்போட்டார். என் தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தார். சாயங்காலம் பார்த்தால் பளபளவென்று முகம் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முத்தம் கொடுத்தார். காலையில் எழுந்தால் மறுபடியும் செக்கச்செவேல். எங்கள் ஊர் உப்புக்காற்று ஃபிரிட்ஜின் காலையே தின்றுவிடும், இதை விடுமா? "ஐயோ, போச்சே!" என்று அலறினார். மறுபடியும் வினிகர், மறுபடியும் நார். மறுநாளும் அதே கதை. பிறகு ஒரு நாள் சாதம் வைக்க அரிசி டப்பாவில் கையை விட்டேன். ஜில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. எலி என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

"அரிசி ஈரத்தை இழுத்துக்கும் கல்யாணி! துரு புடிக்காது!" என்று அவர் சிரிக்கிறார்.

அடிப்பக்கம் சமமாக இருக்கவேண்டுமாம். மாமல்லபுரத்துக்குப் போய் ஒரு சிற்பக் கூடத்தில் மழமழவென்று அறுத்த கருங்கல் துண்டைக் கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதன்மேல் உப்புத்தாளை ஒட்டி, இழைப்புளியை முன்னும் பின்னும் தேய்த்தார். வீடெல்லாம் கரகரவென்று சத்தம். என்னால் சீரியல் பார்க்க முடியவில்லை.

அது எந்த ஊரில் செய்தது என்று கண்டுபிடிப்பது தனிப் பைத்தியம். திருகாணி, சின்னச் சக்கரம், கைப்பிடி எல்லாவற்றையும் படம் எடுத்துப் போனில் ஏதோ வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பினார். ஒருவன் இங்கிலாந்து என்றான், ஒருவன் அமெரிக்கா என்றான், மூன்றாமவன் கதவுக்கு முட்டுக் கொடுக்க நன்றாக இருக்கும் என்றான். மூக்குப் பக்கம் எழுத்து போல் ஏதோ மேடு இருந்தது. டார்ச் அடித்தார், பூதக்கண்ணாடி வைத்தார், ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் வாக்கிங் போகும் இடமெல்லாம் "எங்க வூட்ல சீமை இழைப்புளி இருக்கு" என்று தம்பட்டம்.

என் குண்டானில் மூன்றாம் முறை வினிகர் வாடை வந்த அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஆயுத பூஜைக்குள்ள அது எந்த ஊருதுன்னு சொல்லணும். மரத்துல ஒரு சுருளாவது சீவிக் காட்டணும். இல்லேன்னா மறுநாள் எல்லப்பன் வண்டியில ஏத்திடுவேன்" என்றேன். "சரி" என்றார். மனிதர் வாக்குக் கொடுத்தால் மாற்றமாட்டார், அதுதான் அவரிடம் வம்பு.

ஆயுத பூஜை வந்தது. எந்த ஊர் என்று தெரியவில்லை. சீவிப் பார்க்கவே இல்லை. "இன்னும் கூர் பத்தல" என்று தள்ளிக்கொண்டே போனார். சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்று பயம், வேறொன்றுமில்லை. காலையில் குளித்துவிட்டு, அதை எடுத்து வந்து எல்லப்பனுக்காகக் கட்டி வைத்திருந்த மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். போய் சோபாவில் உட்கார்ந்து டி.வி.யைப் போட்டார். நான் ஜெயித்துவிட்டேன். அந்த ஜெயிப்பு எனக்குச் சகிக்கவில்லை.

பூஜை வேலை கிடக்கிறதே. சந்தனம் குழைத்து, மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின், அரிவாள்மனை, ஸ்கூட்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். மனசு சோபாவில் இருந்தது, கை தன்பாட்டுக்குப் போயிற்று.

பொரி வாங்க வந்த ஜாய்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கல்யாணி, காயலான் கடை இரும்புக்குமா பொட்டு?"

பார்த்தால், இழைப்புளியின் மூக்கில் கொழகொழவென்று சந்தனம்! துருப் பிடித்துவிடுமே என்று பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். ஏன் பதறினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. சந்தனம் பள்ளத்தில் தங்கிவிட்டது, மேடெல்லாம் கறுப்பாகத் தனியே நின்றது. மேல் வரி தேய்ந்து கிடந்தது. கீழ் வரி ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஏங்க! ஓடியாங்க! மெட்ராஸ்! மெட்ராஸ்னு போட்டிருக்கு!"

வந்தார். குனிந்தார். சீமை போய் மெட்ராஸ் ஆனதில் முகம் தொங்கும் என்று பார்த்தால், மனிதர் குதிக்கிறார். "நம்ம ஊரு கல்யாணி! லோக்கல்! அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும்?" அவர் கை பட்டு, ஜாய்ஸ் வாங்கி வைத்திருந்த பொரி ஹால் முழுக்கச் சிதறியது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனாலும் விடவில்லை.

"ஊர் தெரிஞ்சிடுச்சு, சரி. சுருள் எங்க? சீவிக் காட்டுங்க."

"பூஜையில வெச்ச ஆயுதத்தை இன்னைக்குத் தொடலாமா? நீதானே பொட்டு வெச்ச!"

என் வாயை என் கையே அடைத்துவிட்டது. ஒரு நாள் தவணை கொடுத்தேன்.

மறுநாள் விஜயதசமி. பழைய கட்டிலின் பலகை ஒன்றை மேஜைமேல் வைத்து, சாமி கும்பிட்டுவிட்டுத் தள்ளினார். கடக்கென்று நின்றது. மறுபடி தள்ளினார். பலகையைக் கொத்திப் பள்ளம் பறித்துவிட்டுக் குதித்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. வாசலில் எல்லப்பனின் வண்டி ஹாரன் வேறு.

"அவ்ளோதான் கல்யாணி. குடுத்துடு."

"சும்மா இருங்க" என்று பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன். சீவும் தகடு பல்லை இளித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "சிப்ஸ் சீவுற கட்டையில இவ்ளோ பிளேடா நீட்டி வெப்பாங்க? வாழைக்காய் துண்டு துண்டாத்தான் விழும்!" சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, விரலுக்குத் தட்டுப்பட்டும் படாமலும் இருக்கும்படி உள்ளே இழுத்தேன். பலகைமேல் வைத்துத் தள்ளினேன்.

ஸ்ஸ்ஸ்ர்ர் என்று ஒரு சத்தம். வெங்காயத் தோல் போல மெல்லிசாக ஒரு சுருள் எழுந்து, உருண்டு என் மணிக்கட்டில் விழுந்தது. நான் கத்தினேன். அவர் கத்தினார். இன்னொரு தள்ளு, இன்னொரு சுருள்! தேக்கு வாசனை மூக்கில் ஏறியது. "குடு, குடு, நானு!" என்று கையை நீட்டினார். "இருங்க, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். அந்த ஒண்ணு முடியவே இல்லை. அவர் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார், தலையெல்லாம் சுருள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் அவருக்கு. என் புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று எனக்கு அந்த நிமிஷம் தெரிந்தது.

எல்லப்பன் வாசலில் வந்து நின்றான். "யக்கா, பழைய இரும்பு கீதுன்னு சொன்னியே, எட்த்துக்கினு போலாமா?"

"மூட்டைய எடுத்துக்கோ எல்லப்பா. இதே மாதிரி இழைப்புளி இன்னொண்ணு வந்தா சாருக்கு எடுத்து வை."

"அதான் சாருக்கு ஒண்ணு கீதே?"

"இது என்னுது" என்றேன்.